பெரியப்பா வேனும் தலையாட்டிப் பொம்மையும்

‘ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்’னு சொல்லுவாங்க. போன ஆடியில எங்க பெரியப்பாவோட ஆம்னி வேனே பறக்கப் பார்த்துச்சு!

சங்கரன்கோவில் ஆடித்தபசு பார்த்துட்டு ராயகிரிக்குத் திரும்பிக்கிட்டு இருந்தோம். எட்டுப் பேர் போற வண்டியில பதினோரு பேர். மேலே கேரியர்ல நாலு அரிசிச் சிப்பம், ஒரு அண்டா. புளியங்குடி தாண்டி ஒரு வளைவு. மலைப்பக்கத்துக் காத்தும் வளைவும் ஒரே பக்கமாத் தள்ள, வேன் சாய்ஞ்சிருச்சு. அம்மா தம்பியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. நல்லவேளை, வண்டி கவிழல.

வீட்டுக்கு வந்ததும் எல்லாரும், “ஓட்டை வேன், வித்துப் போடுங்க”ன்னாங்க. பெரியப்பா பதிலே பேசல. அந்த வாடகைக் காசுலதான் அக்கா காலேஜ் படிக்கிறாங்க.

என் கருத்து என்னன்னா, தப்பு வேன் மேல இல்லை, நம்ம மேலதான்.

ஆம்னியின் உயரம் சுமார் 1.64 மீட்டர், அகலம் 1.41 மீட்டர்தான். சக்கரமும் சிறிசு, 12 அங்குலம். அகலத்தைவிட உயரம் கூடின வண்டி. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை நினைச்சுப் பாருங்க. அடியில கனம், மேலே லேசு. ஈர்ப்பு மையம் தாழ்வா இருப்பதால் எப்படித் தள்ளினாலும் எழுந்துக்கும். நாம கேரியர்ல மூடை ஏத்தி அதையே தலைகீழாச் செய்யறோம். ஈர்ப்பு மையம் மேலே ஏறினா வளைவுல சாயாம என்ன செய்யும்?

மறுநாள் ஒர்க்‌ஷாப்ல பார்த்தா, பின்னாடி கமான் பட்டையில ஒண்ணு விரிசல். ரெண்டு டயர் வழவழன்னு தேஞ்சு போச்சு. நாலு டயர்லயும் காத்து நாலு விதமா இருந்துச்சு. ஆனா சீட் கவர் புதுசு, பாட்டுப் பெட்டி புதுசு! தரையைத் தொடுற டயருக்குத்தானே முதல் செலவு செய்யணும்? சில அண்ணன்மார் அழகுக்காக வண்டியைத் தூக்கி உயரமாக்குறாங்க. அதுவும் ஆபத்துதான்.

1984-ல் மாருதி வேனா வந்த இந்த வண்டி 2019-ல் நின்னு போச்சு. இப்ப ஓடுறது எல்லாமே பழசு. வயசான தாத்தா தலையில மூடை வைப்போமா?

பெரியப்பாகிட்ட இதைச் சொன்னேன். “கேரியர்ல ஏத்தலைன்னா வாடகைக்கு எவன் தாயி கூப்பிடுவான்?”னாங்க. அதுவும் நியாயம்தான். அதனாலதான் டிரைவர்களுக்கு இல்லாம, உங்களுக்கு எழுதறேன்.

இப்ப டயரும் பட்டையும் மாத்தியாச்சு. கேரியரை இன்னும் கழட்டல. நண்பர்களே, ஆசிரியர்களே, அடுத்த தடவை வேன் பிடிக்கும்போது மூடையைக் கால்மாட்டுல வைங்க. ஆள் கூடினா ரெண்டு நடை போகச் சொல்லுங்க. வளைவுல “மெதுவா”ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.

கனம் கீழே இருந்தால் பயணம் நிலைக்கும்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி