ஏட்டுச் சுரைக்காயா உயிரியல்?

"டி.என்.ஏ.வும் புரதமும் மதிப்பெண்ணுக்கு மட்டுந்தானே! கீழ்பென்னாத்தூர்ப் பெண்களுக்கு இவை எதற்கு?" என்று கேட்போர் உண்டு. இக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை.

நம் வயல் வேர்க்கடலையில் புரதம் உண்டென அறிவோம். செடி அதை எவ்வாறு ஆக்குகிறது? உயிரணுவின் உட்கருவிலே முறுக்கிய நூலேணி போல் டி.என்.ஏ. அமைந்துள்ளது. அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்னும் நான்கே எழுத்துகளால் அதில் செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. தாலுகா அலுவலகத்தில் மூலப் பதிவேடு இருக்க, நகல் மட்டும் வெளியே வருவது போல, தூது ஆர்.என்.ஏ. உட்கருவை விட்டு வெளிவருகிறது. ரைபோசோம் அதை மும்மூன்று எழுத்துகளாகப் படிக்கிறது. அதற்குரிய அமினோ அமிலத்தைக் கடத்து ஆர்.என்.ஏ. கொண்டுவந்து தர, பூச்சரம் தொடுப்பது போல் புரதம் உருவாகிறது.

இதில் ஓர் எழுத்து பிறழ்ந்தாலும் தீங்கு நேரலாம். ஹீமோகுளோபினுக்கான செய்தியில் ஒரே எழுத்து மாறுவதால், சிவப்பணு அரிவாள் வடிவாய் வளையும் நோய் உண்டாகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அப்பிழை வந்தால்தான் பிள்ளைக்கு அந்நோய் வரும். அப்படியிருக்க, தாயை மட்டும் பழிப்பது என்ன நியாயம்? மாமன், அத்தை மகன் என்று சொந்தத்திலேயே மணமுடிக்கும்போது, இருவரிடமும் ஒரே பிழை இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. இதை அறியவேண்டியவர் நாமல்லவா?

இவ்வறிவு நமக்கு அந்நியமானதுமன்று. கொலாஜன் என்னும் புரதத்தின் மூவிழை அமைப்பை 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் விளக்கினர். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி இராமகிருஷ்ணன் ரைபோசோம் ஆய்வுக்காக 2009இல் நோபல் பரிசு பெற்றார். அப்பரிசைப் பகிர்ந்தவர்களுள் ஒருவர் அடா யோனத் என்னும் பெண்மணி! டி.என்.ஏ.யின் வடிவை அறியத் துணைநின்ற எக்ஸ் கதிர்ப் படம், 1952இல் ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் ஆய்வில் கிடைத்தது. 1958இல் தம் 37ஆம் வயதில் அவர் மறைந்தார். 1962இல் நோபல் பரிசு மற்றவர்களைச் சேர்ந்தது.

ஆகவே தோழியரே, படத்தை உருப்போடுவதை விடுவோம். பாசிமணியும் கம்பியும் கொண்டு மாதிரி செய்து, கேள்வி கேட்டுக் கற்போம். பெற்றோரே, பன்னிரண்டாம் வகுப்போடு எங்கள் படிப்பை நிறுத்திவிடாதீர்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுதான். ஆனால் விதையை நட்டு நீரூற்றினால், வீட்டுக் கூரையிலே சுரைக்காய் காய்க்காமலா போகும்?