காற்றுதானே என்று சொல்லாதீர்கள்

நம் பட்டறைகளில் நெடுங்காலமாக ஒரு விளையாட்டு இருக்கிறது. ஷிப்ட் முடிகிற நேரம். சட்டையில் ஒட்டிய பஞ்சையும் இரும்புத் தூளையும் போக்க ஆளாளுக்குக் கம்ப்ரசர் ஹோஸை எடுத்து உடம்பில் அடித்துக்கொள்கிறார்கள். குனிந்து செருப்பு மாட்டுகிற ஹெல்பர் பையனின் பின்பக்கம் ஒருவர் ஏர் கன்னை நீட்டி அழுத்துகிறார். பையன் துள்ளுகிறான். சுற்றி நிற்பவர்கள் வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். கேட்டால், "காற்றுதானே, என்ன ஆகிவிடப் போகிறது?" என்கிறார்கள்.

இது பொய். ஆளைக் கொல்கிற பொய்.

பஞ்சர் கடையில் காருக்குக் காற்றுப் பிடிக்கும்போது 30, 32 என்று சொல்கிறோம் அல்லவா, அதே பி.எஸ்.ஐ. கணக்கில் பாருங்கள். பட்டறைக் கம்ப்ரசரின் டேங்கில் சாதாரணமாக 100 முதல் 150 பி.எஸ்.ஐ. வரை காற்று அடைபட்டிருக்கும். மனிதனின் பெருங்குடல் கிழிய ஏறத்தாழ 4 பி.எஸ்.ஐ. போதும். கார் டயருக்குள் இருக்கும் அழுத்தத்தில் எட்டில் ஒரு பங்கு. ஹோஸை உள்ளே செருகினால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் தவறு. போட்டிருக்கும் துணிக்கு மேலே, சற்றுத் தள்ளி நின்று அடித்தபோதும் காற்று ஆசனவாய் வழியாக ஏறிக் குடல் கிழிந்திருக்கிறது. ஓரிரு நொடிதான். பெருங்குடல் வளைந்து மலக்குடலோடு சேரும் இடத்தில்தான் பெரும்பாலும் கிழிகிறது. கிழிசல் வழியே காற்றும் மலமும் வயிற்றறைக்குள் கொட்டுகின்றன. வயிறு கல்லாக உப்பி உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது, மூச்சு முட்டுகிறது. பிறகு சீழ், இரத்தத்தில் நச்சு. பிழைத்தவர்களிலும் பலர் வயிற்றில் துளையிட்டுப் பை மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் மலம் கழிக்க வேண்டியிருக்கிறது. இருபது வயதுப் பையனுக்கு அந்தப் பையோடு வீட்டுக்குப் போவது என்றால் என்னவென்று சிரித்தவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

இது புதிதாகத் தெரிய வந்த செய்தியும் அல்ல. இப்படிக் குடல் கிழிந்த ஒருவரைப் பற்றி 1904-லேயே மருத்துவ இதழில் எழுதியாயிற்று. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி, எந்திரத்தைத் துடைக்கக்கூட 30 பி.எஸ்.ஐ.க்குக் குறைத்த காற்றைத்தான் அனுமதிக்கிறது. அதற்கும் தூள் தெறிக்காத தடுப்பும் பாதுகாப்புக் கவசமும் வேண்டும் என்கிறது. நாமோ அதைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு அழுத்தத்தை ஆள்மேல் அடித்துவிட்டுச் சிரிக்கிறோம்.

2024 மார்ச்சில் பெங்களூரு வாகன சர்வீஸ் நிலையம் ஒன்றில் இருபத்து நான்கு வயது இளைஞர் இப்படித்தான் இறந்தார். அடித்தது எதிரி அல்ல, நண்பர். இருவரும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்த நண்பர் கைதானார். இந்த வகைச் சாவுகளில் எனக்குப் பொறுக்க முடியாதது இதுதான்: கொல்ல வேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் இருப்பதில்லை. "ஒன்றும் ஆகாது" என்ற நம்பிக்கை ஒன்றே அந்த வேலையை முடித்துவிடுகிறது. மறுநாள் பத்திரிகையில் "விளையாட்டு வினையானது" என்று தலைப்புப் போடுகிறோம். நூறு பி.எஸ்.ஐ. காற்றை ஒருவன் உடம்பில் செலுத்துவதை விளையாட்டு என்று அச்சில் ஏற்றுகிற வரை, அடுத்த பட்டறையிலும் அது விளையாட்டாகத்தான் நடக்கும்.

"நாங்களும் பையனாக இருந்தபோது பட்டவர்கள்தான், எங்களுக்கு என்ன ஆயிற்று?" என்று பழைய மேஸ்திரிகள் கேட்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பலருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்றுதான் பார்க்க வேண்டும். மோட்டார் ஓடி நின்ற உடனே டேங்க் நிறைந்திருக்கும். நான்கு பேர் ஹோஸைப் பிடித்து அடித்த பிறகு அழுத்தம் இறங்கியிருக்கும். ஹோஸ் ஒரு சாண் விலகியிருந்திருக்கலாம், கோணம் மாறியிருந்திருக்கலாம், துணி கனமாக இருந்திருக்கலாம். அடிப்பவர் இதில் எதையும் அளந்து அடிப்பதில்லை. தப்பியவர்கள்தான் இன்று பட்டறையில் நின்று கதை சொல்கிறார்கள். தப்பாதவனுக்குச் சொல்ல வாய் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஹெல்பர் பையன் மேஸ்திரிமேல் காற்றடித்து நான் கேள்விப்பட்டதே இல்லை. சூப்பர்வைசர் பக்கம் யாரும் ஹோஸைத் திருப்புவதில்லை. படுவது புதிதாகச் சேர்ந்தவன், அப்ரண்டிஸ், மொழி தெரியாத ஊரில் வந்து வேலை செய்கிற ஒடிசாக்காரன், பீகார்க்காரன். அவனும் சேர்ந்து சிரித்தாக வேண்டும். சிரிக்காவிட்டால் நாளைக்கு வேலை கற்றுக்கொடுக்க மாட்டார்கள். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்கிறவர்களுக்குச் சிரிப்பு வேண்டும் என்பதை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். 'பிரண்ட்ஸ்' படத்தில் நேசமணி தலையில் சுத்தியல் விழுவதற்கு 2001 முதல் நாம் சிரித்துக்கொண்டிருக்கிறோம். 2019-இல் இணையத்தில் உலகமே சேர்ந்து சிரித்தது. அதில் குற்றம் இல்லை. அது படம். அங்கே தலைக்கு அடுத்த காட்சி உண்டு. பட்டறைப் பையனின் குடலுக்கு அது கிடையாது.

முதலாளிகளுக்கும் இந்த நம்பிக்கை வசதியாக இருக்கிறது. பையன்கள் அஜாக்கிரதையாக விளையாடினார்கள், நிர்வாகம் என்ன செய்யும் என்று கைகழுவிவிடலாம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 111-ஆவது பிரிவு, தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் செயலைத் தொழிலாளி செய்யக் கூடாது என்றது. அதே சட்டம் தொழிலாளியின் பாதுகாப்பை உறுதிசெய்யும் கடமையை ஆலையை நடத்துபவர்மேலும் வைத்தது. முதலாவதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது நேர்மையல்ல. உடம்பில் ஒட்டிய பஞ்சைப் போக்க உறிஞ்சும் எந்திரம் வைத்திருந்தால் ஹோஸ் ஆள்பக்கம் திரும்பவே காரணம் இருந்திருக்காது. முனை அடைபட்டால் காற்று பக்கவாட்டுத் துளைகளில் வெளியேறும் பாதுகாப்பு நாசில் கடையில் கிடைக்கிறது. அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் ஏற்கெனவே பல பட்டறைகளில் மாட்டித்தான் இருக்கிறது. திருகிக் குறைக்கத்தான் யாருக்கும் மனம் வரவில்லை. சூப்பர்வைசர் முதல் நாளே ஹோஸைப் பிடுங்கி வைத்து அதட்டியிருந்தால் பாதி நின்றிருக்கும். அவரும் சிரித்தார்.

அடிபட்ட பையன் வெட்கத்தால் வாய் திறப்பதில்லை. வயிற்று வலி என்று அறையில் சுருண்டு படுக்கிறான். கூட இருப்பவர்கள் சோடா வாங்கிக் கொடுக்கிறார்கள். குடல் கிழிந்தவனுக்கு அப்படிப் போகிற ஒவ்வொரு மணி நேரமும் உயிர்க்கணக்கு. ஆகவே அடித்தவரே முன்னால் வர வேண்டும். அரசு மருத்துவமனைக்கு உடனே தூக்கிக்கொண்டு போங்கள். அங்கே, "சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்று மழுப்பாமல், "கம்ப்ரசர் காற்றைப் பின்பக்கம் அடித்துவிட்டேன்" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். நிற்க வைத்து எடுக்கிற ஒரு எக்ஸ்ரேயிலேயே உதரவிதானத்துக்கு அடியில் காற்று நிற்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். வழக்கு வருமே என்று பயந்து நீங்கள் மறைக்கும் இரவில்தான் அவன் சாகிறான்.