வலியும் பயமும்

பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவி என்று நம் ஜனங்கள் சொல்லுவார்கள். அந்தக் காலத்தில் அது வெறும் வாய்ச்சொல் அல்ல. வீட்டிலேயே விளக்கெண்ணெயும் வெந்நீருமாகப் பிரசவம் பார்த்த நாளில் தாயும் சேயும் பிழைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்திருந்தது. இன்று அந்த நிலை இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 99-க்கு மேல் ஆஸ்பத்திரிகளில் நடக்கின்றன. இது பெரிய சாதனைதான். மறுப்பார் யார்?

ஆனால் ஒரு கேள்வி. உயிர்ப்பயம் குறைந்தது; மனப்பயம் குறைந்ததா?

அதே கணக்கெடுப்பு இன்னொரு செய்தியும் சொல்லுகிறது. தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறக்குறைய 45, வயிற்றைக் கீறி எடுத்தவை. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் 36, தனியார் ஆஸ்பத்திரிகளில் 64. அவசியமான ஆபரேஷன் உயிரைக் காக்கிறது. அதைக் குறை சொல்வது பாவம். பணத்தாசையால், வசதிக்காக, ஜாதகத்தில் நல்ல நேரம் பார்த்து நடக்கும் ஆபரேஷனும் உண்டு. இவற்றோடு, “என்னால் வலி தாங்க முடியாது, கீறியே எடுத்துவிடுங்கள்” என்று தாயே கெஞ்சுவதும் உண்டு. அந்தப் பயத்துக்கு மருந்து என்ன?

பயம் வலியைக் கூட்டும் என்பது கட்டுக்கதை அல்ல. பயந்தவள் உடம்பு இறுகுகிறது. அட்ரினலின் என்னும் சுரப்பு இரத்தத்தில் ஏறுகிறது. கர்ப்பப்பைக்குப் போகும் இரத்தம் குறைகிறது. பிரசவம் தாமதமாகிறது; வலி நீளுகிறது; வலி நீள நீளப் பயம் மேலும் வளருகிறது. இந்த நச்சுச் சக்கரத்தை எடுத்துக் காட்டியவர் கிராண்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கில டாக்டர். 1942-ல் பயமில்லாப் பிரசவம் பற்றி அவர் எழுதிய நூல் உலகெங்கும் பேசப்பட்டது.

இந்தச் சக்கரத்தை உடைக்க ஹிப்னாடிசம் உதவும் என்று இன்று பேசப்படுகிறது. பெயரைக் கேட்டதும் மேடை வித்தைக்காரன் நினைவுக்கு வருவான். இது அந்த வித்தை அல்ல; மந்திரமும் அல்ல. கர்ப்பிணி விழித்த நிலையிலேயே கண்ணை மூடி, மூச்சை நிதானப்படுத்தி, தசைகளைத் தளர்த்தி, நம்பிக்கை தரும் சொற்களில் மனத்தை ஊன்றப் பழகுகிறாள். கடைசி மாதங்களில் தினந்தோறும் பழகிய மனம், இடுப்பு வலி வரும்போது கலங்காமல் நிற்கிறது. அவ்வளவுதான் சங்கதி.

இந்தக் கலைக்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய கதை உண்டு. 1845-ல் வங்காளத்து ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற வெள்ளைக்கார டாக்டர், மெஸ்மெரிசத்தால் மயக்கி ஆபரேஷன் செய்யத் தொடங்கினார். ஆரம்பத்தில் அவர் கத்திக்கு முன்னால் கிடந்தவன் ஒரு கைதி! பின்னர் ஈதரும் குளோரபாரமும் வந்தன, மெஸ்மெரிசம் ஒதுங்கியது.

பிரசவ அறைக்கு அதைத் திட்டமிட்டுக் கொண்டுவந்தவர்கள் சோவியத் நாட்டு டாக்டர்கள். கார்கோவ் நகரில் 1920-களில் பிளாத்தனோவ், வெல்வோவ்ஸ்கி முதலியோர் பிரசவத்தில் ஹிப்னாடிசத்தைக் கையாண்டார்கள். பலன் கிடைத்தது. ஆனால் லட்சோபலட்சம் தாய்மாரை ஒவ்வொருவராக உட்கார வைத்து அறிதுயிலில் ஆழ்த்த எந்த நாட்டில் டாக்டர் இருக்கிறார்? ஆகவே 1940-களின் முடிவில் வழியை மாற்றினார்கள். பிரசவம் எப்படி நடக்கிறது, வலி ஏன் வருகிறது, எப்போது எப்படி மூச்சு விட வேண்டும் என்பதைக் கர்ப்பிணிகளுக்குக் கூட்டமாகவே கற்றுக் கொடுத்தார்கள். 1951-ல் அது நாடெங்கும் பரவ சோவியத் அரசு உத்தரவிட்டது.

அதே ஆண்டு அங்கே சென்று பார்த்த பிரெஞ்சு டாக்டர் பெர்னான் லாமாஸ், 1952-ல் பாரிசில் அந்த முறையைத் தொடங்கினார். எங்கே தொடங்கினார்? சீமாட்டிகளின் மாளிகையில் அல்ல. உலோகத் தொழிலாளர் சங்கத்தின் ஆஸ்பத்திரியில்! தொழிலாளியின் மனைவிக்குக் கிடைத்த பிறகே அது உலகப் புகழ் பெற்றது. 1956-ல் போப்பாண்டவரே இதில் தவறில்லை என்று சொன்னார்.

இதன் குறையையும் சொல்லிவிட வேண்டும். வலியே வராது என்று சிலர் அளந்தார்கள். அலறிய தாயைத் தோற்றவள் என்று கணக்கெழுதிய கொடுமையும் நடந்தது. வலித்தால் அவள் கத்தட்டும். அது அவள் உரிமை. அவள் கேட்டால் வலி நீக்கும் மருந்து கொடுப்பது ஆஸ்பத்திரியின் கடமை.

ஆராய்ச்சி என்ன சொல்லுகிறது? பிரிட்டனில் 680 தாய்மாரிடம் நடத்திய சோதனை 2015-ல் வெளிவந்தது. கர்ப்பத்தின் 32, 35-வது வாரங்களில் ஒன்றரை மணி நேர வகுப்பு இரண்டு. வீட்டில் தினம் கேட்க ஒலிப்பதிவு. முதுகில் போடும் எபிடூரல் ஊசியின் தேவை இதனால் குறிப்பிடும்படி குறையவில்லை. ஆனால் வகுப்புக்குப் போன தாய்மாருக்குப் பிரசவம் பற்றிய பயமும் கவலையும், அவர்களே எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருந்தன. கூடுதல் செலவு தாய் ஒருவருக்கு ஏறக்குறைய 5 பவுன்தான். ஆகவே இது சர்வரோக நிவாரணி அல்ல. இரத்தக் கொதிப்பையோ உதிரப் போக்கையோ இது தடுக்காது. டாக்டர் இருந்தே ஆக வேண்டும். பயத்தைக் குறைக்கிறது. அது சின்ன விஷயமா?

ஆனால் இன்று நடப்பது என்ன? தொழிலாளர் ஆஸ்பத்திரியில் வளர்ந்த இந்தக் கல்வி, நகரங்களில் காசு கொடுத்து வாங்கும் சரக்காகிவிட்டது. நிலக்கோட்டையில் விடியுமுன் பூப்பறிக்கும் பெண்ணுக்கும், வேடசந்தூர் பஞ்சாலையில் நூற்கும் பெண்ணுக்கும், சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் பெண்ணுக்கும் இது ஏன் எட்டவில்லை? அவர்களுக்கு வலிக்காதா?

திண்டுக்கல்லுக்கு இது புதிய பாதை அல்ல. 1947-ல் டாக்டர் சௌந்தரம் காந்திகிராமத்தை நிறுவியபோது, கிராமத்துத் தாய் சேய் நலத்தை முன்னணி வேலையாக எடுத்துக்கொண்டார். அங்கே கஸ்தூரிபா ஆஸ்பத்திரி வளர்ந்தது. இன்று மாவட்டத்துக்கு 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட சர்க்கார் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை தோறும் கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வந்து வரிசையில் காத்திருக்கிறார்கள். காத்திருக்கும் அந்த நேரத்தில் அரைமணி, மூச்சுப் பயிற்சியும் பிரசவ விளக்கமும் தமிழில் கொடுத்தால் என்ன குடி முழுகிப் போய்விடும்? கிராம சுகாதார செவிலியருக்குப் பயிற்சி கொடுங்கள். அந்த வேலைக்கு ஆளையும் கூட்டிக் கொடுங்கள். இருக்கிற செவிலியர் தலையிலேயே மேலும் சுமை ஏற்றாதீர்கள். ஒலிப்பதிவைக் கைபேசியில் இலவசமாகக் கொடுங்கள்.

இன்னொன்று. பிரசவ அறையில் கர்ப்பிணிக்குத் துணையாக ஒரு பெண் இருக்கலாம் என்ற திட்டம் தமிழ்நாட்டுச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் 2004-லேயே வந்தது. விடாத துணை இருந்தால் பிரசவ நேரம் குறைகிறது, ஆபரேஷனும் குறைகிறது என்று பல நாட்டு ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. தாயோ, மாமியாரோ, நாத்தனாரோ கையைப் பிடித்து நிற்பதை இடமில்லை என்று சொல்லி யாரும் தடுக்கக் கூடாது. பிரசவ அறையில் வசைச்சொல் கேட்கவே கூடாது. கடைசி மாதங்களில் பழகிய அமைதியை ஒரு வசை நொடியில் கலைத்துவிடும்!

தாய்மார்களே! அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது, “எங்களுக்கு இதைச் சொல்லித் தாருங்கள்” என்று வாய் திறந்து கேளுங்கள். மாதர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் இந்தக் கோரிக்கையைக் கையில் எடுக்கட்டும். தாயின் உயிரைக் காக்க ஆஸ்பத்திரி கட்டிய நாடு, அவள் மனத்தைக் காக்க அரைமணி ஒதுக்கக் கூடாதா?