கமாலியேலின் கடைசி ஆடை

பெரியோர் உடுத்திய ஆடையைப் பேணி வைப்பது மனித இயல்பு. எலியா தம் போர்வையை எலிசாவின்மேல் போட்ட நாளிலிருந்தே யூத மக்களுக்கு இது பழகிய செய்தி. இன்றும் ஹசிதிய யூதர் தம் குருமார் செபவேளையில் அணிந்த சால்வையையும் இடைக்கச்சையையும் கண்ணின் மணிபோல் காத்து வருகின்றனர். நாம் இங்கே எழுத எடுத்துக்கொண்ட ஆடையோ எந்தக் கண்ணாடிப் பேழையிலும் இல்லை. உடுத்தியவரோடு அது மண்ணுக்குள் சென்று ஏறக்குறைய 1900 ஆண்டுகள் ஆகின்றன. எனினும் ரபிகள் உடுத்திய ஆடைகளிலெல்லாம் நம் மதிப்பை மிகுதியாகப் பெறுவது அதுவே.

அது ரபான் கமாலியேலின் அடக்க உடை. நம் வழக்கில் சொன்னால், கோடித்துணி.

கமாலியேல் என்றதும் புனித பவுலுக்கு (நம் பாட்டிமார் சின்னப்பர் என்பார்களே, அவருக்கு) திருச்சட்டம் கற்பித்த ஆசிரியர் தோழியரின் நினைவுக்கு வருவார். நாம் சொல்லும் கமாலியேல் அந்த ஆசிரியரின் பேரர் என்பதே பலரும் கொள்ளும் கருத்து. கி.பி. 70-இல் உரோமையர் எருசலேம் திருக்கோவிலை அழித்தபின், யாவ்னே என்னும் ஊரில் கூடிய யூத அறிஞர் மன்றத்துக்குத் தலைமை ஏற்றவர் இவர். செல்வக் குடியில் பிறந்தவர். சற்றுக் கடுமையானவரும்கூட!

அந்தக் கடுமைக்குத் தல்மூத் என்னும் யூதப் பெருநூலே சான்று. ரபி யோசுவா என்ற அறிஞர் மாறுபட்ட கருத்துக் கொண்டதற்காக, அவரை மன்றத்தில் நிற்க வைத்துவிட்டுத் தாம் அமர்ந்து பாடம் நடத்தினாராம். சபையோர் பொறுக்கமாட்டாமல் தலைவரையே பதவியிலிருந்து இறக்கிவிட்டனர். பின்னர் சமாதானம் பேச யோசுவாவின் வீட்டுக்குச் சென்ற கமாலியேல், கரி படிந்த சுவர்களைப் பார்த்து, இவர் கரி சுட்டுப் பிழைப்பவர் போலிருக்கிறதே என்று வியந்தார். யோசுவா சும்மா இருக்கவில்லை. அறிஞர்கள் என்ன பாடுபட்டு வயிறு வளர்க்கிறார்கள் என்றுகூடத் தெரியாத ஒருவரைத் தலைவராகப் பெற்ற தலைமுறைக்கு ஐயோ கேடு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். கமாலியேல் மன்னிப்புக் கேட்டார். பிறகு பதவியும் திரும்பக் கிடைத்தது.

இனி ஆடைக்கு வருவோம். ஏழைகளின் மானம் காக்கச் செய்யப்பட்ட மாற்றங்களை அதே தல்மூத் ஓரிடத்தில் வரிசையாகக் கூறுகிறது. முற்காலத்தில் துக்க வீட்டுக்குச் செல்வர் வெள்ளிக் கூடையிலும் பொன் கூடையிலும் உணவு கொண்டு செல்வர். ஏழைகள் பட்டை உரித்த மிலாற்றுக் கூடையில் கொண்டு செல்வர். ஏழைகள் நாணிக் குறுகினர். ஆகவே எல்லாரும் மிலாற்றுக் கூடையிலேயே கொண்டுசெல்ல வேண்டும் என்று விதித்தனர். செல்வருக்கு வெள்ளைக் கண்ணாடிக் குவளை, ஏழைக்கு மலிவான நிறக் கண்ணாடி என்றிருந்ததையும் மாற்றி, எல்லாருக்கும் நிறக் கண்ணாடியே என்றனர். இறந்த செல்வரின் முகத்தைத் திறந்து வைப்பர். பஞ்சத்தில் கருத்துப்போன ஏழையின் முகத்தை மூடி வைப்பர். அதற்கும் விதி வந்தது: எல்லா முகங்களையும் மூடுக! அலங்காரக் கட்டில் போய், எல்லாருக்கும் எளிய பாடை வந்தது.

பட்டியலின் முடிவில் வருவதுதான் நெஞ்சை உலுக்குகிறது. அடக்கச் செலவு உறவினருக்குச் சாவைவிடக் கொடிய சுமையாய் இருந்ததாம். தாங்கமாட்டாமல் பிணத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போனவர்களும் உண்டாம்! எத்தனை பெரிய அவலம் பாருங்கள். இந்த நிலையில்தான் கமாலியேல் தம் பெருமையைத் தாமே எளிதாக்கிக்கொண்டு, சாதாரண லினன் துணி உடுத்தித் தம்மை அடக்கம் செய்யும்படி ஏற்பாடு செய்தார். அவ்வாறே செய்தனர். மக்கள் அனைவரும் அவரைப் பின்பற்றினர். நான்காம் நூற்றாண்டில் பாபிலோனில் வாழ்ந்த ரப் பாப்பா, தம் காலத்தில் ஒரு சூஸ் காசு பெறும் முரட்டுத் துணியே வழக்கமாகிவிட்டது என்கிறார்.

தோழியரே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கூடைக்கு விதி போட்டார்கள், குவளைக்கு விதி போட்டார்கள், பாடைக்கும் போட்டார்கள். துணிக்கு மட்டும் விதியைப் பற்றிய பேச்சே இல்லை. ஒரு மனிதர் செய்தார் என்று மட்டுமே இருக்கிறது. ஏன்? பெற்ற தகப்பனுக்கு இவ்வளவுதான் செலவிடலாம் என்று ஒரு மகனிடம் எந்த மன்றம் சொல்ல முடியும்? சொன்னாலும் அவன் கேட்பானா? விதியின் வலிமை எதுவரை என்பது சீருடை அணியும் நமக்குத் தெரியாததா? ஒரே நிறப் பாவாடை, ஒரே நிற ரிப்பன் எல்லாம் சரி. கைக்கடிகாரத்திலும் காலணியிலும் வீட்டு வசதி எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது.

ஏழை ஒருவர் எளிய துணியில் போயிருந்தால் அது வறுமை என்று பேசப்பட்டிருக்கும். நடுத்தரக் குடும்பத்தார் செய்திருந்தால் கருமித்தனம் என்றிருப்பார்கள். பட்டிலும் பகட்டிலும் போகக்கூடிய தலைவர் லினனில் போனதால்தான் ஊர் வாய் அடைத்தது. கரி படிந்த அந்தச் சுவர்தான் அவரை இதற்கு இட்டுச்சென்றதோ? தல்மூத் அப்படிச் சொல்லவில்லை. இது நம் ஊகமே. ஆனால் சொல்லத் தோன்றுகிறது.

விலையுயர்ந்ததைக் கொடுப்பதும் அன்புதானே என்று பெற்றோர் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பெத்தானியா மரியா தைலம் பூசியபோது, முந்நூறு தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்றான் யூதாசு. ஆண்டவரோ அவளைத் தடுக்கவில்லை. அவருடைய அடக்கத்துக்கு நிக்கதேம் ஏறத்தாழ நூறு இராத்தல் வெள்ளைப்போளமும் அகிலும் கொண்டுவந்தார். அவற்றைக் குறைகூற நாம் யார்? அன்பு கேட்டுக் கொடுப்பது வேறு. ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சிக் கடன்பட்டுக் கொடுப்பது வேறு. கமாலியேலின் துணி யாருடைய தைலத்தையும் தட்டிப் பறிக்கவில்லை. இல்லாதவன் தலைகுனியாமல் தன் தாயைத் தூக்கிச் செல்ல வழிசெய்தது, அவ்வளவே.

இதில் அவருடைய வீட்டாருக்கும் பங்குண்டு என்று நாம் கருதுகிறோம். இறந்தவர் விருப்பம் சொல்லிவிட்டுப் போய்விடுவார். கூடிநிற்கும் கூட்டத்தின் நடுவே, மன்றத் தலைவரை அந்த எளிய துணியில் வெளியே கொண்டுவர வேண்டியவர்கள் உயிரோடிருப்பவர்கள் அல்லவா? அவர்கள் பெயர்கள் இந்தச் செய்தியில் இல்லை.

யூதரின் அடக்க உடை இன்றும் வெள்ளை லினனோ பருத்தியோதான். சட்டை, கால்சட்டை, தலைக்கு ஓர் உறை, இடைக்கு ஒரு கச்சை. பொத்தான் கிடையாது; பையும் கிடையாது, போட்டு எடுத்துச் செல்ல ஒன்றும் இல்லையே! கையால் பெருந்தையல் இடுவர். நூலில் முடிச்சுப் போடாதிருப்பது வழக்கம். நம் தையல் வகுப்பில் முடிச்சில்லாமல் தைத்தால் மதிப்பெண் கிடைக்காது. அங்கே அதுதான் முறை. இதைத் தைப்பது நெடுங்காலமாகப் பெண்களின் பணி. இறந்த பெண்களைக் கழுவி உடுத்துவோரும் பெண்களே. இதற்கென 'புனித சங்கம்' என்ற பெயரில் அமைப்புகள் உண்டு. பிராக் நகரில் 1564-லேயே தோன்றிவிட்டது. இறந்தவர் திருப்பிச் செய்ய முடியாதாகையால் இப்பணியை 'உண்மையான இரக்கம்' என்பர். ஆண்களுக்கு அவர்கள் செபித்த சால்வையைப் போர்த்தி, அதன் குஞ்சங்களில் ஒன்றை அறுத்துவிடுவர். புகழ்பெற்ற ரபிகளின் சால்வைகள் பல இவ்வாறு மண்ணுக்குள் போயின. காத்து வைக்கப்பட்டவற்றைவிட அவை குறைந்தவை என்று நமக்குத் தோன்றவில்லை.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. துக்க வீட்டில் பத்துக் கிண்ணம் திராட்சை இரசம் அருந்தும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. பிறகு நான்கு கிண்ணங்களைக் கூட்டினார்கள். அவற்றில் ஒன்று ரபான் கமாலியேலின் பெயரால். நல்ல எண்ணந்தான்! ஆனால் வந்தவர்கள் வெறித்து மயங்கத் தொடங்கவே, பழையபடி பத்தே போதும் என்று வைத்துவிட்டார்களாம்.