சொல்லே தீர்ப்பாகும் விவாதம்

சொல் எதுவாயினும் பொருள் ஒன்றே என வாதிடுவோர் உளர். கருக்கலைப்புப் பற்றிய அறவிவாதம் அவர்தம் கூற்றைப் பொய்ப்பிக்கின்றது. வழக்கொன்றில் விசாரணைக்குப் பின்னரே தீர்ப்பு வருதல் வேண்டும். இங்கோ தீர்ப்புச் சொல்லிலேயே வந்துவிடுகின்றது.

'சிசுக்கொலை' என்போர், தாம் நிறுவவேண்டிய முடிவையே பெயராகச் சூட்டிவிடுகின்றனர். அப்பெயரை ஏற்றுக்கொண்டோருக்கு மேலும் வாதிட யாதுமில்லை. மறுசாரார் கூறும் 'கலைப்பு' என்பதும் நடுநிலைச் சொல்லன்று. முகில் கலைகின்றது, கனவு கலைகின்றது, பாராளுமன்றம் கலைக்கப்படுகின்றது. வலியும் இழப்பும் அச்சொல்லினுள் மறைந்துபோகின்றன.

இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை இச்செயலைக் கொலையெனக் கூறவில்லை. அதன் 303ஆம் பிரிவு, கருச்சிதைவு விளைவித்தலுக்கு 3 ஆண்டு வரையும், கருவின் அசைவு உணரப்பட்ட பின்னராயின் 7 ஆண்டு வரையும் சிறைத்தண்டனை வகுத்தது. கடுமைமிக்க அச்சட்டமே வளர்ச்சிப் படிகளை வேறுபடுத்தியிருக்க, 'கொலை' என்னும் ஒற்றைச் சொல்லால் அனைத்தையும் சமப்படுத்துதல் நேர்மையாகாது.

எனினும் சட்டத்தின் மொழியும் குறைபாடுடையதே. அப்பிரிவிலே பெண் இரு வேடங்களில் மட்டுமே தோன்றுகின்றாள்: உயிர் காக்கப்படவேண்டியவள், தானே கருவைச் சிதைப்பின் தண்டிக்கப்படவேண்டியவள். சிந்தித்து முடிவெடுப்பவளாக அவள் தோன்றவில்லை. மேடைகளில் முழங்கும் சொற்களிலோ அவள் இல்லவே இல்லை. கருவுக்குப் பெயரிட்டோர் அதனைச் சுமப்பவளுக்குப் பெயரிட மறந்தனர். அவளை எழுவாயாகக் கொள்ளாத வாதம் எதுவும் அறவாதமாகாது. அது சொல்லாட்சியின் வெற்றி மாத்திரமே.