காரின் முதுகில் எழுதிய கணக்கு

ஒரே மோட்டார் கார் கடல் தாண்டும்போது தன் பெயரை மாற்றிக்கொள்வதைக் கண்டு எரிச்சல் அடைகிறவர்கள் பலர். நான் அந்தக் கட்சியைச் சேர்ந்தவன் அல்ல. மிட்சுபிஷி கம்பெனி 1990-ஆம் ஆண்டு வெளியிட்ட ஸ்போர்ட்ஸ் காருக்கு ஜப்பானில் ஜிடிஓ என்று நாமகரணம் செய்துவிட்டு, வெளிநாடுகளில் அதையே 3000ஜிடி என்று அழைத்து, அமெரிக்காவில் உருவத்தைச் சற்றே மாற்றி டாட்ஜ் ஸ்டெல்த் என்று வேறொரு வீட்டுப் பிள்ளையாகவும் உலவவிட்டது. டொயோட்டாவின் செலிகா ஜிடி-ஃபோர் அமெரிக்கக் கரையில் இறங்கியதும் ஆல்-டிராக் டர்போ ஆயிற்று. இவற்றால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் பெயரோடு ஓர் எண்ணையும் சேர்த்துக் காரின் முதுகில் பொறிக்கும்போது, பொறித்தவர் ஏதோ ஓர் அளவைச் சொல்லுகிறார் என்றுதான் வாங்குகிறவர் பொருள் கொள்ளுகிறார். அந்த எண் பொய் சொல்லலாமா என்பதே என் ஆட்சேபம்.

எண்கள் யோக்கியமாக இருந்த காலமும் உண்டு. நிஸ்ஸான் கம்பெனி 1969-இல் ஃபேர்லேடி இசட் என்ற காரைப் படைத்தபோது, அமெரிக்க வியாபாரத்தைக் கவனித்துவந்த யுடாகா கதாயாமா என்பவர், அந்தப் பெயர் அந்நாட்டில் எடுபடாது என்று நிச்சயித்து, அதை அகற்றி 240இசட் என்ற எழுத்தைப் பொருத்தச் செய்தார். இன்ஜினின் கொள்ளளவு 2,393 சிசி; 2.4 லிட்டர் என்பதைத்தான் 240 என்று எழுதினார்கள். சந்தேகத்துக்கு அதில் இடமே இல்லை.

கணக்குப் பிசகியது டர்போ வந்த பிறகுதான். சாதாரண இன்ஜின் தன் சிலிண்டர்கள் இழுத்துக்கொள்ளும் காற்றைக் கொண்டே ஜீவனம் நடத்துகிறது. டர்போ பொருத்தியதோ, வெளியேறும் புகையின் விசையால் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அழுத்தி உள்ளே திணித்துக்கொள்வதால், சிறிய இன்ஜினே பெரிய இன்ஜினின் வேலையைச் செய்துவிடுகிறது. கொள்ளளவைப் பார்த்துச் சக்தியை ஊகிக்கும் பழைய சௌகரியம் அத்துடன் போயிற்று. எண்ணையும் அப்போதே கைவிட்டிருக்கலாம். விற்பனை இலாகாக்காரர்களுக்கு மனம் வரவில்லை.

இதன் விளைவை முழுமையாகக் காண விரும்புகிறவர், அதே நிஸ்ஸான் கம்பெனியின் சில்வியா குடும்பத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். 1988-இல் வந்த சில்வியாவுக்கு மறு ஆண்டு ஒரு சகோதரம் பிறந்தது: பின்புறம் சரிந்த கதவும், வேண்டும்போது மேலெழும்பும் முன்விளக்குகளும் கொண்ட 180எஸ்எக்ஸ். அதன் டர்போ இன்ஜின் 1,809 சிசி ஆகையால், 180 என்பது நியாயமே. 1991-இல் அதை எடுத்துவிட்டு 1,998 சிசி இன்ஜினை வைத்தார்கள். முதுகிலிருந்த 180 மட்டும், 1998-இல் உற்பத்தி நிற்கும் வரை அப்படியே இருந்தது. இதற்கிடையில், பழைய 1,809 சிசி டர்போ இன்ஜினோடு கூடிய இதே காரை ஐரோப்பாவில் 200எஸ்எக்ஸ் என்ற பெயரில் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஆக, 200 என்று எழுதிய காரில் 1.8 லிட்டரும், 180 என்று எழுதிய காரில் 2 லிட்டரும் இருந்தன!

அமெரிக்காவில் இதன் பெயர் 240எஸ்எக்ஸ். அங்கே எண் மெய்தான், 2.4 லிட்டர் இன்ஜினே இருந்தது. ஆனால் டர்போ கிடையாது. அந்த இன்ஜின் கம்பெனியின் பிக்கப் லாரிகளுக்கும் பொதுவானது. 240 என்று எழுதியது ஆரம்பத்தில் 140 குதிரைசக்திதான் தந்தது, 180 என்று எழுதியதோ 175 தந்தது. 1995-இல் அமெரிக்கக் கிளை இன்னொரு காரியம் செய்தது: சென்ட்ரா என்ற குடும்பக் காரிலிருந்து இரண்டு கதவு வண்டி ஒன்றை உண்டாக்கி, அதற்கு 200எஸ்எக்ஸ் என்று பெயரிட்டது. அது முன்சக்கரத்தால் ஓடுவது. அதன் மலிவான ரகத்தில் இருந்தது 1.6 லிட்டர் இன்ஜின். அதே வருஷங்களில் ஐரோப்பியர் 200எஸ்எக்ஸ் என்று ஓட்டியது பின்சக்கரத்தால் ஓடும் டர்போ வண்டி.

தேசத்துக்குத் தேசம் இன்ஜின் மாறுவதற்குக் காரணங்கள் உண்டு. ஜப்பானில் கார் வரி கொள்ளளவைப் பொறுத்தது, 2,000 சிசியைத் தாண்டினால் வாகனம் வேறு வகுப்பில் சேர்ந்துவிடும். ஆகவே சிறிய இன்ஜினும் டர்போவும் அங்கே லாபம். இவற்றை நான் குறைகூறவில்லை. தொழிற்சாலையே தன் உபயோகத்துக்காகப் பெயரை நம்பாமல் வேறு குறியீடு வைத்திருந்தது என்பதைத்தான் கவனிக்கச் சொல்லுகிறேன்: 1.8 லிட்டர் 180எஸ்எக்ஸுக்கு ஆர்எஸ்13, 2 லிட்டருக்கு ஆர்பிஎஸ்13. உதிரிபாகம் வாங்கப் போகிறவர் சொல்ல வேண்டியதும் அந்தக் குறியீட்டைத்தான்.

ஸ்போர்ட்ஸ் கார் அல்லவென்றாலும், பிஎம்டபிள்யூவின் 745ஐ காரை இங்கே சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. 1980-இல் வந்த அந்தப் பெரிய காரின் இன்ஜின் 3.2 லிட்டர்தான், டர்போ இருந்தால் கொள்ளளவை 1.4 ஆல் பெருக்கிக் கணக்கிடும் பந்தய விதி ஒன்று அப்போது இருந்ததால், பெருக்கிப் பார்த்து 45 என்று எழுதிக்கொண்டார்கள். இது கெட்டிக்காரத்தனம் என்றாவது சொல்லலாம். தென்னாப்பிரிக்காவிலோ ஸ்டியரிங் வலப்புறம். டர்போவுக்கும் ஸ்டியரிங் தண்டுக்கும் இடம் ஒத்துவரவில்லை. ஆகையால் அங்கே எம்1 ஸ்போர்ட்ஸ் காரின் வம்சத்தில் வந்த, டர்போ இல்லாத 3.5 லிட்டர் இன்ஜினை வைத்து, அதையும் 745ஐ என்றே விற்றார்கள். பெருக்குவதற்கு டர்போவே இல்லாத இடத்தில் பெருக்கல் விடை மட்டும் மிஞ்சியது.

போர்ஷேயின் கதை வேறு தினுசு. 1974-இல் பாரிஸ் கண்காட்சியில் 911 டர்போ வந்தபோது அந்தப் பெயர் உள்ளே இருந்த யந்திரத்தைக் குறித்தது. 2015-இல் சாதாரண 911 கரேராவுக்கும் டர்போ வந்துவிட்டது. பெயரில் மட்டும் அது ஏறவில்லை. 2019-இல், புகையே விடாத மின்சாரக் காரான டைகானுக்கு டர்போ என்றும் டர்போ எஸ் என்றும் பெயர் வைத்தார்கள். வெள்ளைக்காரன் காலத்து ராவ் பகதூர் பட்டத்தைப் போல, அது இப்போது அந்தஸ்தைக் குறிப்பதேயன்றி வேறல்ல.

நம் நாடும் இந்த விநோதத்துக்கு விலக்கல்ல. ஸ்கோடா கம்பெனியின் ஆக்டேவியா ஆர்எஸ் என்றால் அப்போது ஐரோப்பாவில் 2 லிட்டர் டர்போ, 200 குதிரைசக்தி. அதே கார் 2011-இல் இந்தியாவில் லாரா ஆர்எஸ் என்ற பெயரில் வந்தபோதோ 1.8 லிட்டர், 160 குதிரைசக்தி. விசேஷமான அந்த இரண்டு எழுத்துக்கு விலை கொடுத்தவருக்கு நாற்பது குதிரைகள் குறைவு. ஆர்.சி. புத்தகத்தில் சேஸிஸ் எண்ணும், இன்ஜின் எண்ணும், சிசி அளவும் பதிவாகின்றன. பணம் கட்டிய பிறகு கைக்கு வரும் அந்த விவரங்களில் கொள்ளளவும், அதனோடு குதிரைசக்தியும், விளம்பரத்தில் காரின் பெயர் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அதே அளவில், பணம் கட்டுமுன் கண்ணில் படவேண்டும். மின்சாரக் காருக்குக் கிலோவாட் கணக்குப் போதும். போக்குவரத்து அமைச்சகம் ஒரு பக்க உத்தரவில் முடித்துவிடக்கூடிய காரியம் இது.