உதிர்ந்த பழமா? முதிர்ந்த பழமா? கல் வைத்த பழமா?

மாதவரம் மூலக்கடையில் பஸ்சை விட்டு இறங்குகிற குமாஸ்தா, கையில் பழப்பையோடு வீட்டுக்குப் போகிறார். "எங்க வாங்குனீங்க?" என்று வீட்டில் கேட்டால், "பழமுதிர்ல" என்கிறார். பழக்கடை என்று அவர் சொல்வதில்லை. நிலையமா, சோலையா என்பதும் தேவையில்லை. 'பழமுதிர்' என்றாலே புரிந்து விடுகிறது!

மூலக்கடை என்ற பேரிலேயே 'கடை' இருக்கிறது. ஆனால் போர்டில் 'கடை' என்று எழுத வியாபாரிகளுக்கு மனசு வருவதில்லை. பஸ் ஸ்டாண்டு பேருந்து நிலையம் ஆனது. சலூன் முடிதிருத்தும் நிலையம் ஆனது. பழக்கடை மட்டும் என்ன பாவம் செய்தது?

1960-களில் கோவையில் 'பழமுதிர் நிலையம்' என்று ஒரு கடை பிறந்தது. அது கிளை விட்டது. பார்த்தவர்களும் ஆளுக்கொரு பழமுதிர் வைத்தார்கள். இன்று மக்கள் வாயில் அது ஒரு கடையின் பேர் அல்ல, ஒரு வகைக் கடையின் பேர். அங்கே வெங்காயமும் உருளைக்கிழங்கும் கூட விற்கிறது. மண்ணைத் தோண்டி எடுப்பவை உதிர்வது எங்கே?

பேரின் பூர்வீகம் முருகன் கோவில். மதுரைப் பக்கம் அழகர்மலை மேல் இருக்கும் பழமுதிர்சோலை, அறுபடை வீடுகளில் ஆறாவது. திருமுருகாற்றுப்படை முடிகிற இடத்திலேயே அந்தப் பேர் இருக்கிறது. நாவல் மரத்து மேலே இருந்த மாட்டுக்காரப் பையன் அவ்வையாரிடம், சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று கேட்டு மடக்கிய கதையும் அந்த மலையில் நடந்ததாகத்தான் சொல்வார்கள்.

இரண்டு அர்த்தம்!

இந்தப் பேரை இரண்டு விதமாகப் பிரிக்கலாம். பழம் + உதிர் என்றாலும் 'பழமுதிர்' வரும். பழம் + முதிர் என்றாலும் 'பழமுதிர்' வரும். கோவிலுக்கு எதுவும் பொருந்தும். சோலையில் பழம் உதிர்வது அழகு.

கடைக்கு அப்படி இல்லை. கீழே உதிர்ந்த பழம் அடிபட்ட பழம். அதை எந்த வியாபாரியும் கூடையில் வைக்க மாட்டார். ஆகவே கடைக்குப் பொருத்தம் 'முதிர்'தான். மரத்திலேயே முற்றி, விளைந்த பழம்!

(சில போர்டுகளில் 'பழமுதிர்ச்சோலை' என்று நடுவில் ஒரு 'ச்' நிற்கிறது. முதிர்சோலை வினைத்தொகை. அங்கே ஒற்று மிகாது. பெயிண்ட் மிச்சம்!)

மாதவரத்துக்கும் இந்தப் பேரில் ஒரு பங்கு உண்டு. 2020-ம் ஆண்டு மே மாதம், கொரோனாவால் கோயம்பேடு சந்தையை மூடினார்கள். காய்கறி திருமழிசைக்குப் போனது. பழம் மாதவரம் பேருந்து நிலையத்துக்கு வந்தது. ஆந்திரா பஸ்கள் நிற்கிற இடத்தில் மாம்பழமும் சாத்துக்குடியும் இறங்கின. பேருந்து நிலையமே சில மாதம் பழ நிலையமாக இருந்தது!

கல் வேலை!

பேர் விஷயம் வேடிக்கை. பழம் விஷயம் வேடிக்கை அல்ல.

மரத்தில் முற்றிய மாங்காயைப் பறித்து வைக்கோலில் வைத்தால் சில நாளில் தானே பழுக்கும். முற்றாத காய் பழுக்காது. அதற்குத்தான் சிலர் கார்பைட் கல் வைக்கிறார்கள். கல்லில் ஈரம் பட்டால் அசிட்டிலின் வாயு கிளம்பும். கேஸ் வெல்டிங் பட்டறையில் எரிகிற அதே வாயு! கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் விஷமும் கலந்திருக்கும். தோல் பளபள மஞ்சள். உள்ளே புளிப்பு. வாசனை கிடையாது.

இப்படி முற்றாமல் பழுத்ததை 'வெம்பல்' என்பது ஊர் வழக்கு. பிஞ்சில் பழுத்தது என்று பிள்ளைகளைத் திட்டுகிறோம். அதையே எடை போட்டு, காசு கொடுத்து வாங்கி வருகிறோம்!

கார்பைட் வைத்துப் பழுக்க வைப்பதற்கு 2011-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளில் தடை இருக்கிறது. எத்திலீன் வாயுவுக்கு 2016-ல் அனுமதி கொடுத்தார்கள். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்குக்கு மேல் போகக் கூடாது. பழங்கள் தாமாகவே சுரக்கிற வாயு அது. ஆகவே நேர்மையாகப் பழுக்க வைக்க வழியே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

'முதிர்' என்று போர்டு வைத்துவிட்டு, உள்ளே முதிராத காயைக் கல்லில் வைத்துப் பழமாக்கி விற்பது என்ன நியாயம்? அரை கிலோ எடையில் குறைத்தால் சண்டை போடுகிறோம். பேரில் செய்யும் மோசடிக்கு ஏன் வாய் திறப்பதில்லை? அதிகாரிகள் சீசனுக்கு ஒரு தடவை குடோனைச் சோதனை போட்டு, பழத்தைக் குழியில் கொட்டினால் மட்டும் போதுமா?

அன்று மரத்து மேலே இருந்தவன் கேட்டான். இன்று கீழே நிற்கிற ஜனங்கள் கேட்க வேண்டும். "அண்ணே, இது முத்துன பழமா, கல்லு வெச்ச பழமா?"

"நம்ம கடையில அதெல்லாம் இல்லக்கா" என்று வாயால் சொன்னால் ஆகாது. பழக்குவியல் மேல் குத்தி வைக்கிற விலை அட்டையில், விலைக்குக் கீழே 'வைக்கோல்' என்றோ 'எத்திலீன்' என்றோ ஒரு சொல் எழுதட்டும். சாக்பீஸ் கையில்தானே இருக்கிறது!